பஞ்சப்படி ஏறிய வருடம்

ஜூன் 9, திங்கள்
காலையிலிருந்து தூறல். யூனிஃபார்ம் காயவில்லை. ஈரத்தோடு போனேன்.

பத்தாம் வகுப்பு ஃபீஸ் சலுகைக்கு வருமானச் சான்று (இனி வ.சா.) கொடுக்க வேண்டும். கடைசி நாள் சனிக்கிழமை. சலுகை இல்லையென்றால் படிப்பு நின்றது, அக்காவோடு ஊதுபத்தி உருட்டப் போக வேண்டியதுதான்.

அக்கா படித்தபோது இருந்த வருமான வரம்புதான் இன்னும். அப்போது வாடகை நூற்றைம்பது. இப்போது நானூறு. அரிசி, கெரசின், பஸ், எல்லாம் ஏறிவிட்டது. அதற்காகத்தான் அப்பாவின் ஃபேக்டரியில் பஞ்சப்படி ஏற்றினார்கள். அதைச் சேர்த்தால் வரம்பைத் தாண்டுகிறது. கொஞ்சம்தான்.

அப்பா: "வெலவாசி ஏறுச்சுன்னு குடுத்த காசு கண்ணு. அது எப்படி வருமானமாகும்?"

விசாரணைக்கு வருகிறவர் மனசு வைத்தால் பஞ்சப்படியை விட்டு எழுதுவாராம்.

ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அக்கா புரண்டு படுக்கிறாள். போதும்.

ஜூன் 11, புதன்
தாலுகா ஆபீஸ்காரர் வந்தார். டேபிள் ஃபேனை நேற்றே கட்டிலுக்கு அடியில் தள்ளியாகிவிட்டது. எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அம்மா பக்கத்து வீட்டிலிருந்து பூப்போட்ட கப், சாசர் வாங்கி வந்துவிட்டாள். கூடவே பிஸ்கட்.

"காபி தகொள்ளி சார்," என்று தனக்குத் தெரிந்த கன்னடத்தில் நீட்டினாள்.

அவர் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனம்மா, ஜோராத்தானே இருக்கீங்க? சலுகை எதுக்கு?"

அம்மா சிரித்தாள். இரவல் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவர் போன பிறகு அக்கா: "ஏம்மா, வடை பாயசமும் போட்டிருக்கலாமே!"

"வீட்டுக்கு வந்தவங்களுக்கு ஒடுக்கு டம்ளர்லயா குடுப்பாங்க? போடி."

அப்புறம் அம்மா கப்பை மூன்று தரம் கழுவினாள்.

ஜூன் 13, வெள்ளி
கணக்குப் பாடம் ஒன்றும் ஏறவில்லை.

அப்பா அரை நாள் லீவு போட்டு வ.சா. வாங்கி வந்தார். கன்னடத்தில் இருந்தது. அப்பாவுக்குப் பேச வரும், படிக்க வராது. என்னிடம் நீட்டினார். பஞ்சப்படியையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. வரம்புக்கு மேல்.

"என்ன கண்ணு, சரியா இருக்குதா?"

அப்பா அடிக்க மாட்டார். சாப்பிடாமல் எழுந்து போவார். அதுதான் பயம்.

"இருக்குதுப்பா."

எவ்வளவோ நாள் கழித்துச் சிரித்தார். "ஊதுபத்திக்காரர்கிட்ட, புள்ள படிக்கப் போகுதுன்னு சொல்லிப்போட்டு வந்தர்றேன்." செருப்பை மாட்டிக்கொண்டு மழையிலேயே போய்விட்டார்.

நாளை அந்தத் தாளை என் கையால் பள்ளி ஆபீஸில் கொடுக்க வேண்டும்.