அக்குளில் முளைத்த ஈஸ்ட்

சிம்லா

அன்புள்ள அம்மாவுக்கு ஷோயபின் சலாம். முழங்கால் வலி கம்மியா, ஜாஸ்தியா? நான் குண்டாகிவிட்டேன், நாலு சட்டை போட்டால் யாரும் குண்டுதான்.

ரொட்டியை உப்ப வைக்கிற ஈஸ்ட் இருக்கிறதே, பட்டினி போட்டால் அது வித்தாக மாறித் தூங்கிவிடும். சர்க்கரைத் தண்ணீரும் இளஞ்சூடும் கொடுத்து அதை முளைக்க வைப்பதுதான் என் செய்முறைத் தேர்வு. நேற்று கரண்ட் போய்ச் சூட்டுப்பெட்டி ஆறிவிட்டது. முளைக்காவிட்டால் ஃபெயில். ஈஸ்ட் இருந்த சோதனைக் குழாயை அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

எங்கள் லேப் வாத்தியார், ஆரணிக்காரர் தருமன் சார் பார்த்துவிட்டார். "இன்னாடா, அடைகாக்கிறியா?"

"ஆமா சார். குஞ்சு பொரிச்சா உங்க பேருதான் வெக்கப்போறேன்."

மாலையில் கரண்ட் வந்ததும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தோம். பளபளத்த வித்துகள் மங்கி, மொட்டு விட்டிருந்தன. பாஸ்.

இங்கே வந்தபிறகு என்னை ஒட்டிக்கொண்டு இருந்தது அந்தக் குழாய் மட்டும்தான். நீங்கள் போர்த்துகிற போர்வையைச் சீக்கிரம் அனுப்புங்கள். மெஸ் மணி அடிக்கிறது, ஓடுகிறேன். போர்வை ஈஸ்டுக்குத்தான், எனக்குக் குளிரவில்லை.

ஷோயப்