ஆண்டிஸ்வா ‘உள்ள வாங்க’ என்று சொன்னதிலிருந்து

அன்பு மகன் லுகான்யோவுக்கு,

சுரங்கத்துக்குள் இறங்கிய அத்தனை தடவையும் முழு உடம்போடு மேலே ஏறி வந்திருப்பாய் என்ற நம்பிக்கையில் அம்மா எழுதுகிறேன். இங்கே கயெலிட்ஷாவில் நானும் உன் தங்கச்சியும் கூரைத் தகரமும் இன்னும் காற்றில் பறந்து போகவில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை, விற்கப் பொரிக்கிற அமாக்வின்யா மாவு உருண்டை மாதிரி நானும் எண்ணெய் குடித்து உப்பிக்கொண்டே போகிறேன், நீ வரும்போது என்னைக் கட்டிப்பிடிக்க ஆள் கூட்டிக்கொண்டு வா.

விஷயம் உன் தங்கச்சி ஆண்டிஸ்வாவைப் பற்றித்தான். எச்ஐவியோடு பிறந்த பிள்ளைகளுக்கு மூளை எப்படி வளருகிறது என்று பார்க்கிற டாக்டர்கள் இவளைச் சின்னதிலிருந்தே படம் எடுப்பார்களே, போன மாதம் மறுபடி கூப்பிட்டார்கள். அப்போதெல்லாம் மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்கள், இந்தத் தடவைதான் முழித்தபடியே அந்தக் குழாய்க்குள் படுத்தாள். அசையாதே, பேசாதே என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மெஷின் உள்ளே டொக் டொக் என்று தட்டுமாம். யாராவது தட்டினால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று சொல்லி வளர்த்த பிள்ளை ஆச்சே, உள்ள வாங்க என்று சொல்லிவிட்டாள். படம் கலங்கிப்போய் மறுபடி எடுத்தார்கள். வந்தது யாருடி, டீ குடுத்தியா என்று நான் வயிறு குலுங்கச் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை.

அப்புறம் டாக்டரம்மா திரையில் ரெண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். ஒன்று இவளுடையது, இன்னொன்று இதே வயசில் அந்த நோய் இல்லாத யாரோ ஒரு பெண்ணுடையது. மூளைக்குள் இங்கேயும் அங்கேயும் சேதி கொண்டுபோகிற வெள்ளை இழைகள் இவளுக்குக் கொஞ்சம் நைந்த மாதிரி இருக்கிறதாம், சில இடம் சிறுத்திருக்கிறதாம். குழந்தையில் நமக்கு மாத்திரை கிடைக்காத காலத்தில் ஆனது, மறதியும் இழுத்து இழுத்துப் பேசுவதும் அதனால்தான் இருக்கலாம், மாத்திரையை மட்டும் விட்டுவிடக் கூடாது என்றாள். என் மகன் மண்டையைப் படம் எடுத்தா பந்தும் கோல் வலையும்தான் தெரியும்மா என்றேன், டாக்டரம்மா சிரித்துவிட்டாள். ஆண்டிஸ்வா அந்த ரெண்டாவது படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தட்டினது இவதாம்மா என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஓர் ஆள் கூடுதல். ஆண்டிஸ்வா என்றால் ஆள் பெருக்கினவள் என்றுதானே பேர் வைத்தோம், பேருக்கு ஏற்ற மாதிரி நடந்துகொண்டாள். சாப்பிட உட்கார்ந்தால் ரெண்டு தட்டு எடுத்து வைக்கிறாள். எப்படிடி இருப்பா என்று கேட்டேன், என்ன மாதிரியேதான், கொஞ்சம் உயரம், படபடன்னு பேசுவா, எதையும் மறக்க மாட்டா என்றாள். உன் அத்தை நொக்வாகா வந்து, முன்னோர் கூப்பிடுறாங்க, ஆடு வெட்டணும் என்றாள். முன்னோருன்னா பல்லு போனவங்கதான் வருவாங்க நாத்தனாரே, இது பத்தொம்பது வயசுக் குமரி, ஆட்டுக்கறி ஆசை உனக்குத்தான் என்று அனுப்பிவிட்டேன்.

ஆனால் ஒருநாள் மாத்திரையைத் தள்ளி வைத்துவிட்டாள். இன்னைக்கு வீட்டுல இருக்கிறது அவதாம்மா, அவளுக்கு நோய் இல்லையே, எதுக்கு மாத்திரை என்றாள். இந்த வீட்டில் ரேடியோவில் செய்தி வந்தால் எல்லாரும் விழுங்கணும், விருந்தாளியும்தான் என்று சொல்லி, அந்த இன்னொரு தட்டில் விருந்தாளிக்கு மாத்திரை என்று ஒரு புதினா மிட்டாய் வைத்தேன். அதற்குப் பிறகு தினமும் ரெண்டு தட்டிலும் வைத்துவிடுவேன், நான் என் மாத்திரையைப் போட்டால் ஆண்டிஸ்வாவும் தன்னுடையதைப் போட்டுவிடுவாள்.

போன ஞாயிறு சர்ச் முடிந்து நான் பிந்தித்தான் வந்தேன், செய்தி முடிந்திருந்தது. துணி துவைத்துக் காயப்போட்டு மடித்திருக்கிறது, மண்ணெண்ணெய் வாங்கி மீதிச் சில்லறை சரியாக இருக்கிறது, அவள் என் நடையையே நடித்துக் காட்டி என்னைக் கேலி செய்கிறாள். நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். இப்படியே இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன் லுகான்யோ, பயமே அதுதான். நான் வைத்துவிட்டுப் போன தட்டுகளைப் பார்த்தால் மிட்டாய் இல்லை, ஆண்டிஸ்வாவின் மாத்திரை அப்படியே இருக்கிறது. நம்ம நாய் வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டேன் என்று நிற்கிறது. ஆண்டிஸ்வா எங்கடி என்றேன். தூங்குறா, எழுப்ப வேணாம் என்றாள்.

நீ எவளா வேணா இரு, இந்த உடம்பு நான் பெத்தது, வாயைத் திற என்று மாத்திரையை நீட்டினேன். அப்புறம் திறந்தாள், விழுங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, இழுத்து இழுத்து, அம்மா, நான் மாத்திரை போட்டேனா என்று கேட்டாள். அவள் மறந்ததற்கு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன். இதெல்லாம் அந்தப் படத்துல தெரியாதும்மா, நேர்ல கூட்டிட்டு வாங்க, தனியா விடாதீங்க என்றாள். செவ்வாய்க்கிழமை போகிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடு, சீட்டாட்டக்காரப் பயல்களோடு சேராதே, இருமல் இருந்தால் மறைக்காதே. கடவுளும் உன் அப்பா வழி முன்னோரும் மண்ணுக்கு மேலேயும் கீழேயும் உன்னைக் காக்கட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. தினமும் செய்தி நேரத்துக்குப் போன் பண்ணி, மாத்திரை போட்டாச்சா என்று தங்கச்சியைக் கேள். போட்டாச்சுண்ணா என்று பட்டென்று பதில் வந்தால், போனை உடனே என்னிடம் கொடுக்கச் சொல். தெரியலண்ணா, மறந்துட்டேன், அம்மாவக் கேக்குறேன் என்று இழுத்தால் பயப்படாதே, அது நம்ம பிள்ளை.

உன்னைச் சுமந்து இன்னும் இடுப்பு வலிக்கிற
உன் அம்மா,
நோபாண்டு