கடைச் சுவரில் தொங்கிய சான்றிதழ்

ஹனம்கொண்டா,
ஞாயிறு காலை

அன்பு மகள் ஸ்ராவ்யாவுக்கு நாயனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், சண்டிகர் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் அவளுடைய காலை மாலைப் புலம்பல். அரிசிமாவுச் சகினாலு முறுக்கு ஒரு டப்பா அனுப்பியிருக்கிறாள், தோழிகளுக்கு வாரிக் கொடுத்துவிட்டு வெறும் டப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்காராதே.

பதுகம்மா பண்டிகை லீவுக்கு நீ வந்து போனதிலிருந்து இரண்டு மாதமாக நான் உன்னோடு பேசவில்லை. அம்மா போனை நீட்டினால் கடைக்கு நேரமாச்சு என்று நழுவிவிடுவேன். இப்போதும் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கடை லைசென்சுக்கு ஒரு பார்மசிஸ்ட் வேண்டும் என்று நம் மெடிக்கலில் பதினாறு வருஷமாகப் புருஷோத்தம் சாரின் பார்மசி சான்றிதழ்தான் கண்ணாடி போட்டுத் தொங்கியது, அவரோ ஹைதராபாத்தில் ஏதோ மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறார், வருஷத்துக்கு ஒரு தடவை முகம் காட்டினால் அதிகம். எனக்குத் தெரிந்த நாலு கடை இப்படித்தான் ஓடுகிறது, அதைத் தப்பென்றே நான் நினைத்ததில்லை. லீவில் நீ வந்திருந்தபோது, அவர் சான்றிதழைத் திரும்பக் கேட்கிறார், உன்னுடையதை மாட்டிவிடலாம், நீ அங்கே எம்.பார்ம் படி, பெயர் மட்டும் இங்கே இருக்கட்டும் என்றேன். நீ சோறு பிசைந்த கையோடு நிமிர்ந்து, "என் பேரு சுவத்துல தொங்கணும்னா அதுக்குக் கீழ நான் நிக்கணும் நாயனா" என்றாய். எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. மாத்திரை விற்றுப் படிக்க வைத்தவனுக்கே பாடம் நடத்துகிறாயா என்று கத்தினேன்.

நீ போன பிறகு நடந்ததைக் கேள். தெருமுனையில் பூக்கட்டும் லச்சவ்வாவுக்கு இதய வால்வு ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும். ரத்தம் உறையாமலிருக்க அவள் சாப்பிடும் மாத்திரையை நம் கடையில்தான் வாங்குகிறாள். முழங்கால் வலி என்று வந்து நின்றாள், எல்லாருக்கும் கொடுக்கிற வலி மாத்திரையைப் பத்து நாளைக்குக் கொடுத்தேன். எட்டாம் நாள் மலம் கறுத்து, மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே டாக்டரோடு வார்டு சுற்றிவரும் பார்மசிஸ்ட் பெண் ஒருத்தி, தஸ்லீம் என்று பெயர், உன்னைவிட இரண்டு வயது கூட இருக்கலாம், லச்சவ்வாவின் பையைக் கட்டிலில் கொட்டச் சொல்லி ஒவ்வொரு அட்டையாகப் பார்த்திருக்கிறாள். நம் கடைக் கவரில் நம்பரைப் பார்த்து எனக்குப் போன் போட்டாள். திட்டவில்லை, மரியாதையாகத்தான் கேட்டாள்: "ஐயா, உங்க கடை பார்மசிஸ்ட்கிட்ட கொஞ்சம் பேசணும், கூப்பிடுறீங்களா?"

நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். அந்த நிமிஷம் எனக்கு வந்த அவமானம் என் எதிரிக்கும் வரக்கூடாது ஸ்ராவ்யா. இங்கே அப்படி யாரும் இல்லையம்மா, நான்தான் கொடுத்தேன் என்றேன். அந்த இரண்டு மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும் என்று பொறுமையாக விளக்கினாள். என் மகளும் இந்தப் படிப்புதான் படிக்கிறாள் என்று எதற்கோ சொல்லிவைத்தேன். "அப்ப அவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே ஐயா" என்றாள்.

லச்சவ்வா பிழைத்துவிட்டாள். நேரில் போய் என் தப்பு என்று ஒப்புக்கொண்டேன். விடு அண்ணா என்றாள் அவள், அவள் புருஷன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான், அதுதான் நியாயம். பார்மசி என்றால் கடையில் நிற்பது, இல்லாவிட்டால் கம்பெனிப் பையோடு டாக்டர் வாசலில் காத்துக் கிடப்பது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். மருந்து கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி, தரப் பரிசோதனை, விற்பனைக்கு வந்த மருந்தால் யாருக்கு என்ன கெடுதல் என்று கண்காணிக்கிற வேலை என்று நீ அடுக்கியபோது கொட்டாவி விட்டேன். அதில் எதற்கு வேண்டுமானாலும் போ, என்னைக் கேட்காதே. உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது, என்னை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சான்றிதழைக் கழற்றிப் புருஷோத்தம் சாருக்கே அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் ஷட்டர் மூடிக் கிடந்தது. முதலில் கடையைச் சரிசெய்துவிட்டு உனக்கு எழுதலாம் என்றிருந்தேன். போன திங்கள் முதல் ஸ்வப்னா என்ற பெண் வருகிறாள், டி.பார்ம் முடித்தவள், கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் கடையிலேயே நிற்கிறாள். முதல் நாளே, டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்ட என் பழைய வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மல்லன்னா சாமி உன் கூடவே இருந்து காப்பார், நீ நூறு வயது நன்றாயிருக்க வேண்டும் அம்மா.

உன் அம்மா காலையில் தைராய்டு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே மிடறு டீயில் விழுங்குகிறாள். நாலு வருஷமாக எடுத்துக் கொடுப்பவன் நான்தான். அது சரிதானா? ஸ்வப்னாவிடமே கேட்கலாம், ஆனால் எனக்கு உன்னிடம்தான் கேட்க வேண்டும் போலிருக்கிறது. பதில் எழுது.

உன் நாயனா,
சம்பய்யா