என் தொலைநோக்கியில் உன் தம்பி காட்டிய சூரியன்

நானே படித்துத் தெரிந்து, நானே கண்ணாடி தேய்த்துச் செய்த தொலைநோக்கியில், நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து உன் தம்பி உனக்குச் சூரியனின் கரும்புள்ளியைக் காட்டியது அநியாயம். இதைச் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. மற்றபடி நலமா? மூட்டுவலி குறைந்ததா?

இங்கே சூரிய ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி துடைத்துவிட்டு இறங்கினேன். "தம்பி எவ்வளவு அழகாக விளக்கினான்" என்று நீ எழுதியது நினைவுக்கு வந்தது. ஏணியின் கடைசிப் படி தவறிவிட்டது. லேசான சுளுக்குதான், கவலைப்படாதே.

ஆராய்ச்சி செய்யும் அம்மா ஓடி வந்து தூக்கிவிட்டார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "அதோ திரையில தெரியுதே, அதே புள்ளிதான் பெரியவரே. அது எப்ப வெடிக்கும்னு நாங்க காத்திருக்கோம். நீங்க முந்திக்குவீங்க போல!"

நான் சிரிக்கவில்லை. எத்தனை வருஷம் உன்னை மாடிக்குக் கூப்பிட்டேன்! "அடுப்புல வேலை கெடக்கு" என்பாய். அவன் ஒரு தடவை கூப்பிட்டதும் மூட்டுவலியோடு ஏறியிருக்கிறாய்.

சூரியன் சுழன்று அந்தப் புள்ளி மறுபக்கம் போவதற்குள் நடக்க வேண்டியவை: உன் தம்பி தொலைநோக்கியை மாடியில் வைத்து, வெள்ளை அட்டையில் சூரியன் விழும்படி திருப்பிவிட்டுக் கீழே இறங்க வேண்டும். நீ மட்டும் நின்று அட்டையில் தெரிவதை வரைந்து அனுப்ப வேண்டும். கூடவே சுளுக்குத் தைலமும். இங்கே நானும் வரைந்து வைப்பேன். விளக்கம் யாரும் சொல்லக் கூடாது. அதை நான் வந்து சொல்வேன்.