காலியாகத் திரும்பிய கார்

9 ஜூன் 1997, திங்கள்

டொமினிக்கின் ஆள்காட்டி விரல் நுனி, தகடு அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸில் நசுங்கிப் போய்விட்டது. கை உள்ளே போகாமல் காக்கும் கம்பித் தடுப்பை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று கழற்றிப் போட்டு மாசக்கணக்காகிறது. ஃபாக்டரி முதலுதவி அறையில் நான் கட்டுப் போடும்போது பாதுகாப்பு அதிகாரி ரகுராம் வாசலிலேயே நின்றார்.

"ஃபர்ஸ்ட் எய்ட் கேஸ்னு போட்டுடுங்க சிஸ்டர். நாளைக்குக் கார் அனுப்புறோம். ஆள் வந்து சும்மா உக்காந்திருந்தா போதும்."

எலும்பு தெரியுது, இது முதலுதவியாம்! அடிபட்டவன் இரண்டு நாள் வராவிட்டால்தான் அது அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டிய விபத்து. இன்ஸ்பெக்டர் வருவார், பிரஸ்ஸை நிறுத்துவார். நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டால் 'வேலை இழப்பு இல்லை'. போன வருஷம் வெல்டர் மதியழகனை மாவுக்கட்டோடு கொண்டுவந்து உட்கார வைத்தவர்கள்தானே.

மத்தியானமே அதே பிரஸ்ஸில் ஹெர்பர்ட்டை நிறுத்திவிட்டார்கள். டொமினிக்கின் மச்சினன். தடுப்பு மூலையில்தான் கிடக்கிறது.

சாயங்காலம் மர்பி டவுனில் டொமினிக் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் தையல் போட்டு அனுப்பியிருந்தார்கள். டொமினிக் நாளைக்குப் போகச் சட்டையை எடுத்து வைத்துவிட்டான். "கார்ல ஏறலைன்னா பர்மனென்ட் பண்ண மாட்டாங்க சிஸ்டர்." அவன் மனைவியிடம் சொன்னேன்: "சொர்ணம், ரெண்டு நாள் இவனை அனுப்பாதே. இப்ப அந்த மெஷின்ல உன் தம்பி நிக்கிறான்மா."

"ஐயோ, எனக்கு யாரும் சொல்லலியே!"

என் வேலைக்கு நானே உலை வைக்கிறேனோ?

10 ஜூன்

கார் காலியாகத் திரும்பியது. ரகுராம் என்னைப் பார்த்த பார்வை! பிரஸ் இறங்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்க்கிறேன். ஹெர்பர்ட், பார்த்துடா.

11 ஜூன்

இன்று ரகுராமே காரில் போனார். டிரைவர் வந்து சொன்னார்: சொர்ணம் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாளாம். "கை ஆறட்டும், அனுப்புறேன். ஹோகி சார், ஹோகி!" என்று, போங்க போங்க என்பதைக் கன்னடத்தில் சொல்லி, முறத்தை ஆட்டி விரட்டினாளாம். என் ராசாத்தி!

12 ஜூன்

இன்றும் வரவில்லை. இனி மறைக்க முடியாது.

18 ஜூன், புதன்

இன்ஸ்பெக்டர் வந்தார். தடுப்பு மாட்டும்வரை பிரஸ் ஓடக்கூடாது என்று நிறுத்திவிட்டார். கேட் பலகையில் 'விபத்தில்லா நாட்கள்' பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. டொமினிக் பர்மனென்ட் ஆவானா? இன்னும் தெரியவில்லை.

சாயங்காலம் ரகுராம் கூப்பிட்டார். "நாளையிலருந்து வேற சிஸ்டர் வராங்க." முதலுதவி அறைச் சாவியை அவர் மேஜையில் வைத்தேன். அழக்கூடாது என்றுதான் இருந்தேன் — அழுதுவிட்டேன்.

வீட்டுக்குப் போக நான் ஏறிய லிங்கராஜபுரம் பஸ் கிளம்பும்போது கேட்டிலிருந்து ஹெர்பர்ட் ஓடி வந்தான். பேச நேரமில்லை. ஜன்னலுக்கு நேரே இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை விரித்துக் காட்டினான்.

பத்தும் இருந்தன.