வெயில் காட்டச் சொன்னது நான்தான்

பிரியமுள்ள ஜமீலா லாத்தா,

வின்னிபெக்கில் மண் இளகிவிட்டதாம். ரஃபி சொன்னான். பின்வாசல் படிக்கு அந்தப் பக்கம் புல் கணுக்கால் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறதாம். ஜனவரியிலிருந்து நீங்கள் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்த சேதி இது. நீங்கள் கண்ணை மூடி நான்கு மாதம் கழித்து வந்து சேர்ந்திருக்கிறது. இதை நான் யாரிடம் கொடுப்பது?

உங்கள் மகன் ரஃபி போன வாரம் சிங்கப்பூர் வந்தான். தெம்பனிஸில் அவன் அத்தை வீட்டில் தங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகிறான். அதற்குள் நான் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதை முதலில் உங்களிடம் சொல்லிவிடத்தான் இந்தக் கடிதம்.

பத்திரிகையில் இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. ஈசூனில் நாம் இருபத்திரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து வீடு; அக்காவை உங்கள் வீட்டில் அழைப்பதுபோல் நானும் உங்களை லாத்தா என்றே அழைத்தேன். நான் தொடக்கப்பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுத்தவள். நம் அடுக்குமாடிப் புளோக்குக்குப் பின்னால் குடியிருப்பாளர்களுக்கென்று இருக்கும் தோட்டத்தில் நம் இருவருக்கும் சேர்த்து ஒரு பாத்தி. உங்கள் வீட்டுக்காரர் காலமானபின், போன செப்டம்பரில் ரஃபி உங்களைக் கனடாவுக்கு, வின்னிபெக்குக்கு அழைத்துக்கொண்டு போனான். நீங்கள் கண்ட முதல் பனிக்காலம் அது. அதுவே கடைசியும்.

இங்கே விதைப்பதற்கு நாம் என்றாவது நாள் பார்த்ததுண்டா? நறுக்கும்போது வெண்டைக்காய் முற்றியதாக இருந்தால், அன்று சாயந்திரமே அதன் விதை மண்ணுக்குள் போய்விடும். நான்காம் நாள் முளை. அப்படியே எழுபது வயதுவரை வாழ்ந்த ஒருவரைக் கொண்டுபோய், ஐந்து மாதம் மண்ணைத் தொடாதே என்றால் எப்படி?

"ஃபிரீஸருக்குள்ள குடித்தனம் பண்றேன் லா டீச்சர். கரண்டியால மண்ணக் குத்திப் பார்த்தேன், கரண்டி வளஞ்சிருச்சு. மருமக பார்த்தா என்னை வளைச்சிருவா" என்று கைப்பேசியில் சொன்னீர்கள். மே மாதக் கடைசிவரை எதையும் வெளியே நடக்கூடாது என்று ரஃபி கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். அவனுக்கு நீங்கள் கொடுத்த பதிலையும் எனக்குச் சொன்னீர்கள்: "மே மாசம் வரைக்கும் மண்ணு இருக்கும். நான் இருக்கணும்ல?" அன்று இரண்டு பேருமே சிரித்தோம்.

பிறகு பொறுக்காமல், தயிர் டப்பாக்கள் பதினொன்றில் மண் வாங்கி நிரப்பி, இங்கிருந்து முந்தானையில் முடிந்துகொண்டு போகாத குறையாகக் கொண்டுபோன நம் அவரை விதையை ஊன்றினீர்கள். ஹீட்டர் சூட்டில் அது முளைத்தும் விட்டது. தினமும் எனக்குப் படம் வரும். முதலில் இரண்டு இலை. பிறகு நூல் மாதிரித் தண்டு, வெளிறிய பச்சை, எல்லாம் சன்னல் கண்ணாடியைப் பார்த்துச் சாய்ந்தபடி.

பிப்ரவரியில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தபோது ஒரு படம் வந்தது. உங்களுக்கு அது முந்திய நாள் சாயந்திரம். படம் அன்று மதியம் எடுத்தது. கண்ணாடிக்கு வெளியே முழுவதும் பனி. அதன்மேல் கண் கூசும் வெயில். வானம் அப்படி ஒரு நீலம். நம் ஊரில் மதியம் இரண்டு மணிக்குக்கூட நான் அவ்வளவு வெளிச்சம் பார்த்ததில்லை.

நாற்று மெலிந்தால் நாம் இங்கே என்ன செய்வோம்? தாழ்வாரத்து நிழலிலிருந்து எடுத்து, காலையில் அரை மணி நேரம் வெயில் காட்டுவோம். மறுநாள் ஒரு மணி நேரம். ஒரு வாரத்தில் தண்டு விறைத்துக்கொள்ளும். எத்தனை தட்டு நாற்றை அப்படித் தேற்றியிருக்கிறோம். கை தானாகவே கைப்பேசியில் குரல்பதிவுப் பொத்தானை அழுத்தியது. நான் சொன்னதை ஒரு எழுத்து குறையாமல் எழுதுகிறேன்:

"லாத்தா, வெயிலு என்னமா அடிக்குது. பிள்ளைங்க வெயிலுக்குத்தான் ஏங்கிப்போய்க் கெடக்குதுங்க. நாளைக்கு அரை மணி நேரம் வெளிய படியில வச்சு எடுங்க, தெம்பா நிக்கும்."

நீங்கள் திருப்பிக் கேட்டீர்கள்: "வெளிய குளிருதே டீச்சர், பரவால்லயா?"

நான் சொன்னேன்: "அதான் வெயில் இருக்குல்ல."

"சரி, டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றீர்கள்.

வெளிச்சம் வேறு, வெப்பம் வேறு. முப்பத்தொரு வருடம் நான்காம் வகுப்பில் அதை நடத்தினேன். ஐஸ்பெட்டியைத் திறந்தால் உள்ளே விளக்கு எரிகிறதே, அதனால் வெண்ணெய் உருகுகிறதா என்று கேட்பேன். பிள்ளைகள் இல்லை என்பார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிந்தது, அந்தக் காலையில் எனக்கு ஏன் நினைவுக்கு வரவில்லை? வெயில் என்றால் சூடு என்று என் தோலுக்குத் தெரிந்திருந்தது. பாடத்தைவிடத் தோல் முந்திக்கொண்டது. நம் ஊரைத் தாண்டி வாழாதவள் செய்யும் பிழை. ஆனால் நான் டீச்சர் ஆயிற்றே, லாத்தா.

மறுநாள் மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் டப்பாக்களைப் பின்வாசல் படியில் அடுக்கினீர்கள். அரை மணி நேரம் கழித்து எடுக்கப் போனபோது படியில் உறைந்திருந்த பனி வழுக்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்மணி பார்க்கும்வரை அங்கேயே கிடந்திருக்கிறீர்கள். எவ்வளவு நேரம் என்று ரஃபி சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. இடுப்பெலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, நெஞ்சுச் சளி. பதினோராம் நாள் எல்லாம் முடிந்தது.

உங்களை அடக்கம் செய்வதற்கு முதல் நாளே மண்மேல் சூடு வைத்து இளக்கி, பிறகு இயந்திரத்தால் தோண்டினார்களாம். ஓர் அவரை விதைக்கு இடம் தராத மண்ணை ஒரே நாளில் இளக்க வழி இருந்திருக்கிறது. இது எந்த ஊர் நியாயம்?

இதுவரை சொன்னது பிழை. இனிச் சொல்லப்போவது பாவம்.

புதன்கிழமை ரஃபி என் வீட்டுக்கு வந்தான். காப்பியைத் தொடவில்லை. டப்பாக்களைப் பற்றிச் சொன்னான். அவன் மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது பதினொன்றும் படியிலேயே இருந்தனவாம், வெந்நீரில் போட்ட கீரை மாதிரிக் கறுத்து. பிறகு கேட்டான்.

"ஆன்ட்டி, மைனஸ் இருபத்தஞ்சுல யாராச்சும் செடியத் தூக்கிட்டு வெளிய போவாங்களா? உம்மாவுக்குப் புத்தி தடுமாறியிருக்கு. டாக்டரும் அப்படித்தான் கேட்டாரு. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். உங்ககூட தினம் பேசுவாங்களே, உங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சுச்சா?"

சொல்லியிருக்கலாம். கைப்பேசி மேசைமேல்தான் இருந்தது. உங்கள் குரல், என் குரல், இரண்டும் அதற்குள் இருந்தன. என் வாயிலிருந்து வந்தது இது: "கொஞ்சம் மறதி இருந்துச்சுப்பா. வயசு ஆயிருச்சுல்ல."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அவனுக்கு அது ஆறுதல் என்று நினைத்தேன். லிஃப்ட் வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கு. கூடவே இருந்த எனக்குத் தெரியலயே ஆன்ட்டி."

இப்போது தெம்பனிஸில் உறவு முழுவதும் அதைத்தான் பேசுகிறது. நம் தோட்டத்துக்காரர்களும் பேசுகிறார்கள். "பாவம் ஜமீலா, கடைசியில மூளை கலங்கிப் போச்சாமே" என்று நேற்று என்னிடமே ஒருவர் சொன்னார். பாத்திகளின் கணக்கு, யாருக்கு எப்போது தண்ணீர் முறை, யார் யாரிடம் மண்வெட்டி வாங்கித் திருப்பித் தரவில்லை என்று எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தவரைப் பற்றி. நான் கேட்டுக்கொண்டு நின்றேன். நம் பந்தலில் அவரை முற்றித் தொங்குகிறது. பறிக்கக் கை போகவில்லை. யாராவது பறித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நீங்கள் போனதிலிருந்து நான் ஒரு விதைகூட ஊன்றவில்லை.

மன்னிப்புக் கேட்கலாம் என்று எழுத உட்கார்ந்தேன். யாரிடம் கேட்பது? நீங்கள் இருந்தால், "விடுங்க டீச்சர், எனக்கும்தானே அறிவு வேணும்" என்று சொல்லிவிடுவீர்கள். அந்தச் சுலபமான வழிகூட இப்போது இல்லை. இருப்பவன் ரஃபி மட்டும். அவன் மன்னிக்காமல் போகலாம். என்னை ஆன்ட்டி என்று இனிக் கூப்பிடாமலும் போகலாம். அவன் இடத்தில் இருந்தால் நானும் கூப்பிடமாட்டேன்.

நாளை காலை தெம்பனிஸுக்குப் போகிறேன். அவன் முன்னால் கைப்பேசியை வைத்து இரண்டு குரலையும் போட்டுக் காட்டுவேன். அவன் அத்தை இருந்தாலும், வேறு யார் இருந்தாலும் போடுவேன். இந்தக் கடிதம் அச்சுக்குப் போவது அதற்குப் பிறகுதான். அவன் இதைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

உங்கள் புத்தி கடைசிவரை தெளிவாக இருந்தது, லாத்தா. குளிருதே, பரவால்லயா என்று கேட்டீர்கள். கேட்கவேண்டிய கேள்வி அது. தடுமாறியது நான். இதை உங்கள் மகனிடம் என் வாயால் சொல்வேன். அவன் கேட்டு முடிக்கும்வரை எழுந்து போகமாட்டேன்.

இது சத்தியம்.

நீங்கள் நம்பிய தங்கச்சி,
மங்கையர்க்கரசி
ஈசூன்