தேங்காய் உடைத்த மூலை

எஸ்பியர்க்
11.01.2026

அன்புள்ள மலர்,

கடிதத்தைக் கண்டதும் யாருக்கோ என்னவோ என்று பயப்பட வேண்டாம். நான் சுகமாகத்தான் இருக்கிறேன். போனில் கதைத்தால் இரண்டு நிமிடத்தில் இருவரும் கத்தத் தொடங்கிவிடுகிறோம். அபிதாவிடம் சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தால், தான் எங்களுக்குத் தபால்காரி இல்லை என்று டெனிஷில் சொல்லிவிட்டு இஷொய்க்கு ரயிலேறிவிட்டாள் உமது மகள். தெருவில் நின்ற சிவப்புப் பெட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். இதைப் போட இனிக் கடைக்குப் போக வேண்டும்.

விசயத்துக்கு வருகிறேன். எனக்கு எங்கள் முட்டை வேண்டும்.

என் பட்டறைக் கூட்டாளி யெப்பேயை உமக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் பெடியனின் யோசனை பிழையில்லை. எங்கள் முட்டை மாதிரியான சின்னப் பைபர் ஓட்டோகேம்பர்களைச் செய்த கம்பனி மூடி முப்பது வருடத்துக்கு மேலாகிறது. சனம் இன்னமும் அவற்றைத் தேடித் திரிகிறது. உடல் முழுவதும் பைபர் என்பதால் கறள் பிடிக்காது, மழை ஒழுகாது. உள்ளே படுக்கை, அடுப்பு எல்லாம் இருந்தும் வீட்டு வாசலில் கார் மாதிரி நிற்பாட்டலாம். இப்போது விற்கிற பெரிய பெட்டிகளை அப்படி நிற்பாட்ட முடியுமா? அந்தச் சின்னதைத் திரும்பவும் செய்து விற்பதுதான் எங்கள் திட்டம்.

உடலை வார்க்கிற பழைய அச்சுகளைக் கம்பனி மூடியபோதே உடைத்துவிட்டார்கள். நல்ல உடல் ஒன்று கிடைத்தால் அதன்மேல் பைபர் போட்டுப் புது அச்சு எடுக்கலாம். நாங்கள் போய்ப் பார்த்தவை எல்லாம் யாரோ யன்னல் வெட்டியவை, கூரை அறுத்தவை. ஒரு வெட்டும் விழாதது எங்களுடையது ஒன்றுதான்.

வண்டி உமது பெயரில் இருக்கிறது. 22ஆம் திகதி வியாழக்கிழமை யெப்பே இழுவைவண்டியோடு வருவான். வண்டித் திறப்பைப் பக்கத்துவீட்டு நிறோஷினியிடம் கொடுத்துவிட்டால் போதும்.

உறைபனிக்குள் சைக்கிளில் வேலைக்குப் போகாதேயும்.

குலேந்திரன்


ஒடென்சே
17.01.2026

அபிதாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. யெப்பே வருவான், திறப்பைக் கொடும் என்று எழுதியிருக்கிறீர்கள். இது கேட்பதா, அறிவிப்பதா?

செப்டெம்பரிலும் இப்படித்தான். நான் கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு நிற்கிறேன். "நான் விட்டிட்டன்" என்றீர்கள். "எதையப்பா?" என்றேன். "வேலையை" என்றீர்கள். காற்றாலை இறகு செய்கிற தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் செய்த வேலை. அதை விட்டு எஸ்பியர்க்கில் பட்டறை போடப் போக என்னிடம் ஒரு சொல்லுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓம் என்றிருப்பேனோ, மாட்டேன் என்றிருப்பேனோ, அது எனக்கே தெரியாது. இனித் தெரியப்போவதுமில்லை. எனக்குக் கோபம் அதில்தான். வேலை போனதில் இல்லை.

முட்டையை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். முதியோர் இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்ததும் கேர்தமின்னே கடற்கரைக்குப் போய், உள்ளே இருந்து தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு வருவேன். எனக்கு ரிவேர்ஸ் எடுக்கத் தெரியாது என்று ஊர் முழுக்கப் பகிடி பண்ணினீர்களே, இப்போது வந்து பாருங்கள்.

அச்சு எடுத்தால் முட்டைக்கு என்ன நடக்கும்? உடையுமா? பூசி மெழுகாமல் உண்மையை எழுதுங்கள்.

இன்னொன்று. அபிதா தனக்குப் பக்கத்தில் இஷொயில் எனக்கு இரண்டு அறை வீடொன்று பார்த்திருக்கிறாள். இந்த வாடகை வீட்டை விடுவதென்றால் பெப்ரவரி முடிவதற்குள் வீட்டுச் சங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிட்டீர்களா என்று கேட்டாள். எனக்கே தெரியாததை அவளுக்கு எப்படிச் சொல்வது?

திறப்பு என்னிடம்தான் இருக்கிறது.

தவமலர்


எஸ்பியர்க்
25.01.2026

அன்புள்ள மலர்,

யெப்பேயை வரவேண்டாம் என்று மறித்துவிட்டேன்.

நீர் கேட்டதற்கு மறுமொழி. முதலில் முட்டைக்கு மெழுகு பூச வேண்டும், ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தடவை. அதன்மேல் பைபரும் றெசினும் போட்டு இறுகவிட்டு, பிறகு ஆப்பு வைத்துக் கழற்றுவோம். ஒழுங்காக மெழுகு பூசினால் ஒன்றும் ஆகாது. உள்ளங்கை அகலத்துக்கு மெழுகு தவறினாலும் அந்த இடம் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் கிழியும். தொழிற்சாலையில் அப்படி நடந்ததைக் கண்டிருக்கிறேன். முட்டைக்கு மெழுகு நானே பூசுவேன், வேறு ஒருவரையும் தொட விடமாட்டேன். அதற்குமேல் சத்தியம் பண்ண என்னால் முடியாது.

இஷொய் வீடு பற்றி எழுத இருந்து மூன்று தாளைக் கிழித்துப்போட்டேன். போகவேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, போய் இரும் என்று எழுதக் கை வரவில்லை.

இங்கே அறையில் நானே சோறு காய்ச்சுகிறேன். குழைந்துதான் வருகிறது.

குலேந்திரன்


ஒடென்சே
08.02.2026

அபிதாவின் அப்பாவுக்கு,

உண்மையை எழுதினீர்கள், அதனால் முட்டையைத் தந்தேன். வெள்ளிக்கிழமை பட்டறைக்கு வந்தபோது நீங்கள் றெசின் எடுக்கக் கோல்டிங் போய்விட்டீர்களாம். அதுவும் நல்லதுக்குத்தான். கண்டிருந்தால் யெப்பேக்கு முன்னால் சண்டை பிடித்திருப்போம்.

இழுவைவண்டியில் ஏற்ற எனக்கு மனமில்லை, நானே ஓட்டி வந்தேன். பாலத்தில் காற்றுத் தள்ளத் தள்ள, பிள்ளையாரே பிள்ளையாரே என்று ஸ்ரியறிங்கை இறுக்கிப் பிடித்தேன். பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். அடிக்கட்டும்.

யெப்பே கோப்பி தந்தான். நல்ல பெடியன், தலைமுடியைத்தான் சீவுவதில்லை. மத்தியானத்தில் எல்லோருக்கும் நீங்கள்தான் சோறும் கறியும் கொண்டு வருகிறீர்களாம், தங்களுக்கு அது நல்ல விருப்பமாம். பாவம், சோறு என்றால் குழைந்துதான் இருக்கும் என்று அந்தப் பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள். ஆணியில் கொழுவியிருந்த உங்கள் ஜக்கெற்றில் ஸிப் உடைந்திருக்கிறது. இந்தக் குளிருக்கு அதையா போட்டுத் திரிகிறீர்கள்?

சித்திரை வருடப்பிறப்புக்கு முன் முட்டை எனக்குத் திரும்ப வேண்டும். ஹேர்னிங் கோயிலுக்கு நான் ஓட்டிப் போவேன், கூட யாரும் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

இஷொய் வீட்டைப் போய்ப் பார்த்தேன். வெளிச்சமான வீடு. பல்கனியும் இருக்கிறது.

தவமலர்


எஸ்பியர்க்
15.02.2026

அன்புள்ள மலர்,

முட்டையைக் கழுவி, தேய்த்து, விளக்குப் பிடித்துப் பார்த்தோம். உடல் நல்ல நிலையில் இருக்கிறது. ஒரே ஒரு இடம்தான். முன்பக்க வலது மூலையில், லைற்றுக்கு மேலே, உள்ளங்கை அளவு பள்ளமும் அதைச் சுற்றி நூல்நூலாக வெடிப்பும்.

உமக்கு நினைவிருக்கும். வாங்கிய அன்று சந்தனம் குங்குமம் வைத்து, தேசிக்காய் நசித்து, தேங்காய் உடைக்கக் கல்லுத் தேடினோம். அந்தத் துப்புரவான கார்த் தரிப்பிடத்தில் ஒரு கல்லும் இல்லை. வாகனம் என்றால் இரும்புதானே என்று நீர் மூலையில் ஓங்கி ஒரு அடி அடித்தீர். தேங்காய் உடையவில்லை, முட்டைதான் உடைந்தது. அபசகுனம் என்று அன்று முழுவதும் அழுதீர். நான் உள்பக்கம் ஒட்டுப் போட்டேன். வெளிப்பக்கம் அப்படியே இருந்துவிட்டது.

அச்சு எதையும் விடாது. பள்ளம் இருந்தால் இனி வருகிற ஒவ்வொரு கேம்பரிலும் அந்தப் பள்ளம் விழும். நிரப்பி மட்டம் பண்ணினால் சரி, ஒரு மணித்தியால வேலை என்றான் யெப்பே. நானும் பசையைக் குழைத்து, தகட்டில் அள்ளியும்விட்டேன். அதற்குப் பிறகுதான் உம்மிடம் கேட்கவில்லையே என்று யோசனை வந்தது. கை அப்படியே நின்றுவிட்டது. குழைத்த பசை பேணிக்குள் கல்லாக இறுகிப்போயிற்று.

மனைவியிடம் கேட்க வேண்டும் என்றேன். யெப்பே தன் போனை நீட்டினான். "போனில்லை, கடிதம் எழுத வேண்டும்" என்றேன். அவன் பார்த்த பார்வையை நீர் கண்டிருக்க வேண்டும். இப்போது பெடியன்கள் கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டுகிறார்கள். மெழுகு தொடங்கவில்லை. உமது மறுமொழி வரும்வரை நான் முட்டையில் கை வைக்கமாட்டேன்.

நிரப்பட்டுமா, விடட்டுமா?

அதோடு இதையும் கேட்கிறேன். இஷொய்க்குப் போகாமல் இருப்பீரா? வெள்ளி பின்னேரம் ஒடென்சேக்கு வந்து, திங்கள் விடிய இங்கே திரும்ப என்னால் முடியும். வரலாமா? உம்மைக் காணாமல் இருக்க முடியவில்லை, மலர்.

குலேந்திரன்


ஒடென்சே
19.02.2026

இஞ்சாருங்கோ,

நிரப்பி மட்டம் பண்ணுங்கள். ஊரார் வண்டியில் என் தேங்காய் எதற்கு? வாங்குகிறவர்கள் தாங்களே உடைத்துக்கொள்ளட்டும்.

கடிதத்தை முதியோர் இல்லத்துச் சமையலறையில் நின்று வாசித்தேன். நீட்டிய போனை வாங்காமல் நின்றீர்கள் என்ற இடத்தில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. ஒரு பட்டறையையே நிறுத்திவைத்துவிட்டு என்னைக் கேட்டிருக்கிறீர்கள். யெப்பேயிடம் சொல்லுங்கள், இனி இத்தனை நாள் காத்திருக்கத் தேவையில்லை. நீங்கள் எனக்குப் போன் எடுக்கலாம். நான் கத்தமாட்டேன். கத்தினாலும் போனை வைத்துவிடாதீர்கள்.

வீட்டுச் சங்கத்துக்கு நான் எழுதவில்லை. அபிதாவிடமும் சொல்லிவிட்டேன். பெரிய மூச்சொன்று விட்டு, "அப்பாடா" என்றாள், தமிழில்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாருங்கள். வரும்போது ஜக்கெற்றைக் கொண்டு வாருங்கள், ஸிப் மாற்றித் தருகிறேன். சோறும் நான் காய்ச்சுகிறேன்.

முதலாவது கேம்பர் அச்சிலிருந்து வெளியே வருகிற அன்று தேங்காயோடு நான் அங்கே வருவேன். இப்போதே ஒரு கல்லுப் பார்த்து எடுத்து வையுங்கள்.

மலர்